போட்டியின்றிக் கட்டிய அபராதம்

என் மனைவி முதல் முயற்சியிலேயே ஓட்டுநர் தேர்வில் தேறிய வாரத்தில்தான் கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்தது. நான் மூன்றாவது முயற்சியில் தேறியவன். இரண்டு கூம்புகளுக்கு நடுவே காரைப் பின்னோக்கிச் செருகும்போது என் இடது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஸ்கூட்டி ஓட்டியவள். தேர்வை நடத்திய அம்மாள் "குட் ஜாப், ஹனி" என்று தட்டிக்கொடுத்ததை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னப் போய் தேன்னு சொல்லுதுங்க அந்தம்மா."

"இங்க எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"உங்கள சொன்னாங்களா?"

சொல்லவில்லை.

நாங்கள் அமெரிக்காவில் ஆலன் என்கிற ஊரில் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறோம். ஹைதராபாத்துக்குத் திரும்பிப் போன ஒருவரிடம் வாங்கிய பழைய சில்வர் நிறக் கார் ஒன்று, எங்கள் இருவருக்கும் சேர்த்து. எங்கள் பக்கத்தில் பஸ் கிடையாது. நடந்து போகலாம் என்றால் நடைபாதை ஓரிடத்தில் திடீரென்று முடிந்து புல்தரையாகிவிடும். அதற்கப்புறம் ஆறு வழிச் சாலை. ஊரில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தவள் இங்கே வந்த பிறகு ஒரு வருடமாக அடுக்ககத்தின் குளத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்தக் குளத்து வாத்துகளில் எது எதோடு சண்டை போடும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். "வேலூர்ல நானே போவேன், நானே வருவேன். இங்க உப்பு வாங்கணும்னாகூட உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கணும்" என்பாள். கோபமாகச் சொல்வதில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

கம்யூனிட்டி காலேஜில் லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜனவரியில் வகுப்பு. வாரத்தில் மூன்று நாள், காலையில். நானும் வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊரான பிளானோவில் ஆபீஸ் போக வேண்டும். எப்படியோ நாட்களை மாற்றிப் போட்டு, ஆபீஸ் இல்லாத நாட்களில் கார் அவளுக்கு என்று பேசி வைத்திருந்தோம். ஒத்து வராத ஒரு நாளைக்கு ஏதாவது செய்துகொள்ளலாம். இவ்வளவுக்கும் முதல் படி அவளுக்கு லைசன்ஸ். அதற்காக மூடிப்போன ஒரு பெரிய கடையின் காலி பார்க்கிங்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வட்டமடித்தோம். லைசன்ஸும் வந்துவிட்டது. இனி இன்சூரன்ஸில் அவள் பெயரைச் சேர்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு மெயிலைத் திறந்தேன்.

அவள் பெயரைச் சேர்ப்பதற்கு முன்பே, எனக்கு மட்டுமே, தொகை ஏறியிருந்தது. ஏதோ தவறு என்று நினைத்தேன். வேறு யாருடைய காரோ என்று வண்டி எண்ணைச் சரிபார்த்தேன். என்னுடையதுதான். எழுந்து சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜைத் திறந்து மூடினேன். மறுபடி வந்து உட்கார்ந்து படித்தேன். மறுபடி எழுந்தேன்.

"என்னங்க, கூண்டுக்குள்ள நரி மாதிரி நடந்துகிட்டே இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. ஏதோ தப்பா கணக்கு போட்டிருக்கான்."

"உங்க டிக்கெட்டா இருக்குமோ?"

"அதான் அன்னைக்கே கட்டிட்டேனே. முடிஞ்சுபோச்சே."

அந்த டிக்கெட்டை, அதாவது போலீஸ் கொடுத்த அபராதச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்த காலத்தில் ஒரு நாள் ஆபீஸ் போகும்போது டோல் சாலையைத் தவிர்க்க உள்சாலையில் போனேன். அந்தச் சாலை ஒரு சரிவில் இறங்கும். இறங்குகிற இடத்தில் நாற்பத்தைந்து மைல் வேகம் என்கிற பலகை போய் முப்பத்தைந்து என்கிற பலகை வரும். பலகை மாறியதைச் சரிவு கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழன்றது. ஓரம் கட்டி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேலே வைத்துக்கொண்டேன். போலீஸ்காரர் என் வயதுதான் இருப்பார். எதற்கு நிறுத்தினேன் தெரியுமா என்று கேட்டார். "யெஸ் சார், சாரி சார்" என்றேன். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் இன்னொரு சாரி சார்.

கையில் இருந்த கருவியை நீட்டிக் கையெழுத்து போடச் சொன்னார். அங்கேதான் என் கை நின்றது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அரூர்ப் பக்கம் நெல் மில்லில் மூட்டை தூக்குகிற அப்பாவுக்குக் கையெழுத்து கிடையாது. ஏழாவது படிக்கும் காலத்திலிருந்தே வீட்டுக்கு வருகிற எந்தத் தாளையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, தெருக்காரர்கள் கொண்டுவந்து நீட்டும் தாள்கள்கூட. எங்களைப் பொறுத்தவரை கையெழுத்து என்றால் ஒத்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம். படிக்காமல் கையெழுத்து போடாதே என்பதைத்தான் அப்பா எனக்கு விமான நிலையத்தில்கூடச் சொன்னார். அதனால் அந்தச் சின்னத் திரையில் இருந்ததை வரி வரியாகப் படித்தேன். பக்கத்தில் கார்கள் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. போலீஸ்காரர் பொறுமையாக நின்றார். இந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, கோர்ட்டைத் தொடர்புகொள்வேன் என்கிற உறுதி மட்டும்தான் என்று அவரே விளக்கினார். நான் தலையாட்டிவிட்டு மிச்சத்தையும் படித்து முடித்தபிறகே போட்டேன்.

அன்று சாயங்காலமே கோர்ட்டின் இணையப் பக்கத்துக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிட்டேன். எங்கள் பேச்சில் 'கட்டு' என்கிற சொல்லுக்கு அவ்வளவு நிம்மதி உண்டு. ஃபீஸ் கட்டிட்டேன், பில் கட்டிட்டேன் என்றால் அந்த விஷயம் தலையை விட்டு இறங்கிவிட்டது என்று பொருள். கெடுவுக்கு முன்னாலேயே கட்டிவிட்டால் ஒரு கர்வமும் சேர்ந்துகொள்ளும். கட்டுவதற்கு முன் ஒரு கட்டத்தில் டிக் செய்யச் சொன்னது. 'நோ கான்டெஸ்ட்' என்று ஏதோ எழுதியிருந்தது. கான்டெஸ்ட் என்றால் போட்டி. எட்டாவதில் பேச்சுப் போட்டியில் எனக்குக் கொடுத்த சான்றிதழில் இருந்த சொல். போட்டி இல்லை, சரிதான், கோர்ட்டோடு எனக்கு என்ன போட்டி என்று டிக் செய்தேன். "யாரையாச்சும் ஒரு வார்த்த கேட்டுட்டு கட்டியிருக்கலாமே" என்று என் மனைவி அப்போதே சொன்னாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்றேன்.

மெயில் வந்த மறுநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். என் டீமில் இருக்கும் சென்னைக்காரன்தான் எனக்கு இந்த மாதிரி விஷயங்களுக்கு ஆள். அவன் அப்பாவும் அம்மாவும் பேங்க் அதிகாரிகள். எந்த ஆபீஸில் எந்த ஜன்னலில் போய் நிற்க வேண்டும் என்பது அவனுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கும் போல. நான் சொல்லி முடித்ததும் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"டேய், கட்டிட்டியா?"

"ஆமா. அன்னைக்கே."

"யாராவது அன்னைக்கே கட்டுவாங்களாடா? ஒரு கோர்ஸ் இருக்கு மச்சி. கோர்ட்ல ரிக்வெஸ்ட் பண்ணணும், ஆன்லைன்ல உட்காந்து கிளாஸ் முடிக்கணும், டிக்கெட்டையே தூக்கிடுவாங்க. ரெக்கார்டுல ஏறாது. இன்சூரன்ஸ்காரனுக்குத் தெரியவே தெரியாது."

"நான் கட்டிட்டா முடிஞ்சிடும்னு…"

"கட்டினா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம்டா. டிக் பண்ணும்போது என்ன போட்டிருந்துது, பாத்தியா?"

"நோ கான்டெஸ்ட்."

"அதுக்கு என்னன்னு நெனச்ச?"

"போட்டி இல்லன்னு."

அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சூப்பர் மச்சி. கேஸை எதிர்க்கலன்னு அர்த்தம்டா அது. போட்டியின்றி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க. குற்றவாளியா! மாலை ஒண்ணுதான் போடல."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது காது சூடாகிவிட்டது. கையெழுத்தில் ஒன்றும் இல்லை என்று அந்தப் போலீஸ்காரரே சொன்னார். அதை நான் நம்பாமல் அத்தனை வரியும் படித்தேன். ஒப்புதல் இருந்தது பணத்தில். அதை நான் படிக்கவே இல்லை.

"இப்ப ஏதாவது பண்ண முடியுமா?"

"எத்தன மாசம் ஆச்சு? போச்சுடா. இன்னும் மூணு வருஷம் உன் கூடவே வரும்."

அந்த வாரம் முழுக்க நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மதிய இடைவேளையில் வேறு வேறு இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பக்கங்களைத் திறந்தேன். எல்லாமே நன்றாக ஆரம்பிக்கும். வயது என்ன, கார் என்ன, இரவில் எங்கே நிறுத்துவீர்கள். அப்புறம் அந்தக் கேள்வி வரும்: கடந்த மூன்று ஆண்டுகளில் ஏதேனும் மீறல்? உண்மையைச் சொன்னதும் தொகை ஏறி நிற்கும். இல்லை என்று போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சென்னைக்காரன், "அவன் ரெக்கார்டை எடுத்துப் பாப்பான், அப்புறம் பொய் சொன்னதுக்கும் சேத்து குடுப்பான்" என்றான். என் மனைவி லைசன்ஸ் அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நான் எதையாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். அட்டையில் அவள் படம் நன்றாக வந்திருந்தது. காரைத் தொடவில்லை. பெயர் சேர்க்காமல் தொடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன்.

போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை இருவருமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைப் பார்க்கப் போனோம். பிளானோவில் இந்திய மளிகைக் கடைக்கும் புருவம் திருத்தும் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன ஆபீஸ். யாழ்ப்பாணத்துக்காரர். டை கட்டியிருந்தார், மேஜையில் எண்ணெய் ஊறிய காகிதப் பையில் மட்டன் ரோல்ஸ் இருந்தது. எங்களுக்கும் நீட்டினார். நான் வேண்டாம் என்றேன். அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"இரும் தம்பி. இருங்கோ பிள்ளை. போலீஸ் எப்ப பிடிச்சவன்?"

"மார்ச்ல அங்கிள்."

"கோர்ட்டோட கதைச்சனீரோ?"

"இல்ல அங்கிள். கட்டிட்டேன்."

"கட்டிப்போட்டீர்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "உங்கட இந்தியாப் பெடியள் எல்லாம் ஓடிப்போய்க் கட்டிப்போட்டுத்தான் இஞ்ச வாறாங்கள். எங்கட பெடியள் என்ன செய்வாங்கள் தெரியுமோ? கட்டவே மாட்டாங்கள். அது வேற கரைச்சல்."

என் மனைவி ரோல்ஸை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"பிள்ளைக்கு எப்ப லைசன்ஸ் வந்தது?"

"போன வியாழக்கிழமை அங்கிள். ஃபர்ஸ்ட் அட்டெம்ப்ட்."

"கெட்டிக்காரி."

ஒரே விரலால் கம்ப்யூட்டரில் தட்டினார். என்னுடைய டிக்கெட், அவளுடைய புத்தம் புது லைசன்ஸ், இரண்டையும் சேர்த்துப் போட்டார். அமெரிக்காவில் காரோட்டியதாக ஒரு நாள் வரலாறுகூட இல்லாதவள் என்பதால் அவளுக்கும் விலை அதிகம். திரையை எங்கள் பக்கம் திருப்பினார். நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"தம்பி, மேசை ஆடுது" என்றார் ஏஜென்ட். என் கால்தான்.

"வேற வழி இல்லையா அங்கிள்?"

"இருக்கு. லைசன்ஸ் எடுத்த ஆள் வீட்டில இருந்தா ஒண்டில் சேர்க்க வேணும், இல்லாட்டி விலக்கி எழுத வேணும். இவவை விலக்கி எழுதினா உம்மட டிக்கெட்டுக்கு ஏறின காசு மட்டும்தான். ஆனா பிள்ளை காரைத் தொடக்கூடாது. ஓடி ஏதும் நடந்தா கம்பனி ஒரு சதம் தராது. போலீஸ் பிடிச்சா இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடினதெண்டுதான் எழுதுவான். விளங்குதோ?"

ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவையும்.

அந்தப் பேனாவை நான் கையில் எடுத்தேன். ஒரு கணக்கு என் தலையில் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தது. ஆறு மாதப் பாலிசி. அவள் அடுத்த பருவத்தில் சேர்ந்துகொள்ளலாம். இந்தப் பருவத்துக்குக் கிடைத்த இடத்தைத் தள்ளிப் போட முடியுமா என்று காலேஜில் கேட்கலாம். அவளைப் பார்க்காமல், "ஒரு ஆறு மாசம்தாம்மா…" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். படித்தாள். நான் போலீஸ்காரர் முன்னால் படித்ததைவிட மெதுவாக.

"இங்க என் பேரு எழுதணுமா அங்கிள்?"

"ஓம் பிள்ளை."

"எங்க ஊர்ல பஞ்சாயத்துலதான் தள்ளி வெப்பாங்க. இங்க இன்சூரன்ஸ்லயும் தள்ளி வெக்கிறாங்களா?"

ஏஜென்ட் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டிக்கெட் வாங்குனது யாரு?"

"இவர்."

"அப்ப தள்ளி வெக்கணும்னா இவரத்தானே தள்ளி வெக்கணும்?"

ஏஜென்ட் மறுபடியும் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைத் தன் பக்கம் திருப்பினார். "எல்லாக் கம்பனியும் இதுக்கு ஓமெண்டு சொல்லாது. ஒண்டு இருக்கு. பொறுங்கோ." தட்டினார். பக்கத்துக் கடையில் யாரோ புருவத்துக்கு நூல் போடும்போது "ஆ" என்று கத்தியது சுவர் வழியாகக் கேட்டது.

"பாலிசியைப் பிள்ளையின்ட பேரில எழுதி, இவரை விலக்கலாம். காரை முதல்ல ரெண்டு பேரின்ட பேரிலயும் மாத்த வேணும். விலை…" திரையை எட்டிப் பார்த்தார். "கிட்டத்தட்ட ஒண்டுதான். அவவை விலக்கினாலும் அதே காசு, உம்மை விலக்கினாலும் அதே காசு."

விலையில் வித்தியாசம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். விலையின் பின்னால் நின்றுகொள்ளலாம்.

"நான் ஆபீஸுக்கு எப்படிப் போறது?" என்றேன்.

"நான் கொண்டுபோய் விடறேன்."

"உன் கிளாஸ்?"

"கிளாஸ் ஒன்பதரைக்கு. உங்கள எட்டரைக்கு விட்டுட்டு அப்படியே போயிடுவேன்."

"சாயந்திரம்?"

"சாயந்திரம் வந்து கூட்டிக்கிட்டு வரேன். ஒரு வருஷமா நீங்க என்ன கூட்டிக்கிட்டு போகல? நான் எதாச்சும் சொன்னனா?"

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மளிகைக் கடை வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். கார் என் எதிரிலேயே நின்றது. எங்கள் வம்சத்தில் முதல் கார் அது. கதவில் கை வைத்து நான் நிற்கும் படத்தை அப்பா மில்லில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். வாரா வாரம் போனில் முதல் கேள்வி, "வண்டி நல்லா ஓட்டறியா?" என்பதுதான். சாப்பிட்டாயா என்பது இரண்டாவது. இனி அவரிடம் என்ன சொல்வது? ஓட்டத் தெரிந்தும் ஓட்டக்கூடாதவன் என்று ஒருவன் இருக்கிறான் என்பதை எப்படித் தமிழில் சொல்வது? ஆபீஸில் என்ன சொல்வது?

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். ஏஜென்ட் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைத் திறந்து லைசன்ஸ் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். ஜிப்பை மூடினாள். மறுபடி திறந்து சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்த்தாள். அவளுக்கும் படபடப்பு இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க அவள் குளத்தைச் சுற்றியதை நான் நடைப்பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய், "என் பேர எழுதுங்க அங்கிள்" என்றேன்.

"வடிவா யோசிச்சுச் சொல்லும். நீர் ஸ்டியரிங்கில ஒரு விரலும் வைக்கேலாது."

"அவருக்கு அது தெரியும் அங்கிள்," என்றாள் அவள். "இப்ப எல்லாம் படிச்சுட்டுத்தான் போடுவாரு."

கார் இருவர் பெயருக்கும் மாறிய பிறகு, அடுத்த சனிக்கிழமை, அந்தத் தாளில் இருவரும் கையெழுத்து போட்டோம். முழுவதையும் படித்தேன். கீழே பெயர் தெரிவிக்கப்பட்டுள்ள நபர் இவ்வாகனத்தை எச்சூழ்நிலையிலும் இயக்கும்போது காப்பீடு பொருந்தாது என்பதுதான் அதன் சாரம். எச்சூழ்நிலையிலும் என்பதை ஏஜென்ட் மஞ்சள் மையால் தீட்டி வைத்திருந்தார். அவள் கையெழுத்தில் நீளமான ஒரு சுழி இருக்கும். இந்த முறை அது கோட்டைத் தாண்டிப் போய் என் கையெழுத்தைத் தொட்டது.

ஜனவரி வந்தது. அவள் ஓட்ட, நான் பக்கத்தில். ஓட்டாத ஒருவனுக்குக் காரில் இவ்வளவு வேலை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே இல்லாத பிரேக்கை வலது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். கண் மூன்று கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்க்கும். பக்கத்துத் தடத்தில் யாராவது வந்தால் கை தானாக மேலே போய்ப் பிடியைப் பற்றிக்கொள்ளும்.

"பேருக்குத்தான் நான் கார் ஓட்டறேன். நீங்கதான் ஓட்டறீங்க, காலால" என்பாள்.

அவள் டோல் சாலையில் போவதில்லை. உள்சாலைதான். முதல் வாரத்திலேயே அந்தச் சரிவு வந்தது. பலகைக்கு வெகு முன்னாலேயே காலைத் தளர்த்திவிட்டாள். பின்னால் வந்த டிரக்குக்காரன் ஹாரன் அடித்தான். இந்த ஊரில் லேசில் ஹாரன் அடிக்க மாட்டார்கள். அவனையே அடிக்க வைத்துவிட்டாள். எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங்.

"கொஞ்சம் போலாம்மா. எல்லாரும் நாப்பதுல போறாங்க."

"முப்பத்தஞ்சு போட்டிருக்கான்."

"அது தெரியுது. இருந்தாலும்…"

"ஓட்டறவங்க பேசட்டும். தள்ளி வெக்கப்பட்டவங்க பேசக்கூடாது."

அப்போது அப்பாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. அங்கே இரவு தொடங்கியிருக்கும்; மில் முடிந்து டீக்கடையில் நிற்பார். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், காட்டுவதற்கு. எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் விரல் எடுத்துவிட்டது. திரையில் அப்பா முகம் பெரிதாக வந்தது. என் பக்கம் உற்றுப் பார்த்தார். சீட் பெல்ட், பக்கத்தில் ஜன்னல், வெளியே ஓடுகிற மரங்கள்.

"டேய்! வண்டி ஓட்டும்போது எதுக்குடா போன எடுக்கற? வெய்யிடா!"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. நான் வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன். நம்மூரில் ஸ்டியரிங் இருக்கிற பக்கம். அவர் அனுப்பச் சொன்ன படத்தில் நான் கதவுக்கு வெளியே நின்றதால், இங்கே ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் உட்காருவான் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. சரிப்பா, வெச்சிடறேன் என்று சொன்னால் போதும். அத்தோடு போயிற்று. டீக்கடையில் நிற்கிற எல்லோரும் நான் கார் ஓட்டுவதைப் பார்த்ததாகிவிடும். மூன்று வருடமும் இப்படியே வலது பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிவிடலாம்.

பக்கத்தில் அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள், காரின் வேகம் முப்பத்தைந்திலிருந்து முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

"நான் ஓட்டலப்பா," என்றேன். "இங்க ஸ்டியரிங் அந்தப் பக்கம்." போனை இடது பக்கம் திருப்பினேன். "உங்க மருமவதான் ஓட்டுது."

அந்தப் பக்கம் கண்ணாடி டம்ளர் ஒன்று எதன் மீதோ வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது. போனைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா திரைக்கு ரொம்பக் கிட்டே வந்திருந்தார். மீசையும் ஒரு கண்ணும்தான் தெரிந்தது.

"நல்லா ஓட்டுதா?"

"நல்லா ஓட்டுதுப்பா. என்னவிட நல்லா ஓட்டுது."

"அப்ப எதுக்கு அதுங்கிட்ட போன நீட்டற? அது ரோட்டப் பாக்கட்டும். வெய்யிடா மொதல்ல." வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் பக்கத்தில் யாரிடமோ திரும்பி, "எங்க மருமவப்பா" என்று சொன்னது பாதி கேட்டது.

அவள் மறுபடி முப்பத்தைந்துக்கு ஏற்றினாள்.

ஆபீஸ் வாசலில் நிறுத்தியபோது நேரமாகிவிட்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கதவைச் சாத்துவதற்குள், "சாயந்திரம் லேட்டானா வெயிட் பண்ணுங்க. லேப் இருக்கு இன்னைக்கு" என்றாள். இண்டிகேட்டர் போட்டு, ஆளில்லாத இடத்திலும் இரண்டு பக்கமும் பார்த்து, வெளியே போனாள். சில்வர் நிறம் திரும்பும்வரை நின்றேன். என் வலது கை பேன்ட் பாக்கெட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது. அது எத்தனை நாள் தேடும் என்று தெரியவில்லை. மீட்டிங் ஆரம்பித்திருப்பார்கள் என்று தெரிந்தும் கால் நகரவில்லை.

பார்க்கிங்கிலிருந்து நடந்து வந்த சென்னைக்காரன் பக்கத்தில் நின்றான்.

"என்னடா, வாசல்லயே நிக்கற? கார் எங்க?"

"கிளாஸுக்குப் போயிருக்கு," என்றேன்.